வேலை வாங்குபவர் ஒருவர், சம்பளம் தருபவர் ஒருவர்

(அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பெருகிவரும் சுயதொழிலையும் ஏஜென்சி வேலையையும் பற்றி ஸ்ரீ விஜயபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொதுப்பணித் துறையில் தலைமுடி நரைக்கும்வரை உழைத்தும் தினக்கூலி மஸ்தூராகவே இருப்பவர். ஆஸ்பத்திரி வாசலைக் காத்து நின்றாலும் ஏஜென்சியின் ஆளாகவே எண்ணப்படும் காவலாளி. அக்டோபரில் அழைக்கப்பட்டு, மழை தொடங்கியதும் அனுப்பப்படும் ஹோட்டல் பணியாளர். சொந்த வண்டிதான், ஆனாலும் ஒரே டூர் கம்பெனி சொல்லும் இடத்துக்கு அது சொல்லும் வாடகைக்கே ஓட்டும் டிரைவர். இந்த நால்வரையும் நம் ஊரின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அரசுக் கணக்கில் இவர்கள் நால்வரும் வெவ்வேறு வகை. வாழ்க்கைக் கணக்கில் ஒரே வகைதான். என்ன வேலை, எப்போது, என்ன விலைக்கு என்று முடிவு செய்பவர் ஒருவர். வேலை இல்லாத நாளின் நட்டத்தைச் சுமப்பவர் இன்னொருவர்.

நான் சொல்ல வந்தது இதுதான். அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே பொறுப்பும் இருக்க வேண்டும். சுயதொழிலும் ஏஜென்சி வேலையும் தம்மளவில் கெட்டவை அல்ல. அதிகாரத்தை மேலே வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கீழே தள்ளிவிடும் வழியாக அவை மாறும்போது உழைப்பவர் நசிகிறார். அவரோடு இந்தச் சின்னத் தீவுகளின் பொருளாதாரமும் நசிகிறது.

தீவு அறிந்த பழைய ஏற்பாடுகள்

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. 1858 மார்ச்சில் டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கினார். சில ஆண்டுகளிலேயே ஆங்கிலேயருக்கு ஒரு கவலை வந்துவிட்டது. இத்தனை கைதிகளுக்கும் சோறு போட்டுக் கட்டுப்படியாகுமா? அதற்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று 'செல்ஃப் சப்போர்ட்டர்' முறை. பல ஆண்டுகள் ஒழுங்காகத் தண்டனை அனுபவித்த கைதிக்கு டிக்கெட் கொடுப்பார்கள். அவர் அரசிடம் நிலம் பெற்றுப் பயிரிடலாம், கைத்தொழில் செய்யலாம், குடும்பம் நடத்தலாம். ஆனால் தீவை விட்டுப் போக முடியாது. இங்குள்ள லோக்கல் பார்ன் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர்கள் அப்படி வாழ்ந்தவர்கள்தாம். காட்டைத் திருத்திக் கழனியாக்கிய அவர்களுடைய உழைப்பை நாம் வணங்க வேண்டும். அந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பையும் பார்க்க வேண்டும். சோற்றுச் செலவு கைதியின் தலைக்கு வந்தது. அவர்மேல் இருந்த அதிகாரம் அரசிடமே இருந்தது.

ஏஜென்சி வேலைக்கும் இங்கே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1918 முதல் மரம் வெட்டவும் காடு திருத்தவும் சோட்டா நாக்பூரிலிருந்து பழங்குடி மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். ராஞ்சியில் இயங்கிய கத்தோலிக்கத் தொழிலாளர் அலுவலகம் ஆளெடுத்து அனுப்பியது. இங்கே வேலை வாங்கியது வனத்துறை. அவர்களை இன்றும் ராஞ்சிக்காரர்கள் என்றே அழைக்கிறோம். இந்தத் தீவுகளின் சாலைகளும் மர வியாபாரமும் அவர்கள் தோள்மேல் எழுந்தவை.

தமிழர்களாகிய நமக்கு இடைத்தரகர் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்களைக் கூட்டிப்போனவர் கங்காணி. கப்பல் செலவுக்கு முன்பணம் கொடுத்து அதைக் கடனாக எழுதிக்கொள்வார். தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டத்திடமிருந்து அவருக்குத் தனிக் காசு வரும். தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது. அந்த மலையகத் தமிழரில் சில குடும்பங்கள், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே தாயகம் திரும்பியபோது, நம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. கங்காணியின் பிடியில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இங்கே அரசுக் கழகமே நேரடி முதலாளி ஆனது. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

நிலையான வேலை கரைந்த கதை

அந்தக் கழகத்தின் கதையிலேயே அடுத்த மாற்றமும் இருக்கிறது. அந்தமான் நிக்கோபார் வனம், தோட்ட வளர்ச்சிக் கழகம் 1977இல் தொடங்கியது. மரம், கச்சாலில் ரப்பர், லிட்டில் அந்தமானில் செம்பனை என்று அது நூற்றுக்கணக்கானோருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. 2017இல் அதை மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்கு முன்பே, 2002 மே மாதம், சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்ற உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்திருந்தது. காட்டைக் காக்க அந்த உத்தரவு தேவைப்பட்டது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் பம்பூ பிளாட் போன்ற இடங்களில் பிளைவுட் ஆலைகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள். 1883 முதல் ஓடும் சாத்தம் மர அறுவை ஆலையும் பழைய அளவில் இல்லை.

ஆலை மூடினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஆட்டோ எடுப்பார்கள், மீன் வாங்கி விற்பார்கள், ஹேவ்லாக் தீவில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுவார்கள், வீட்டு முன்னறையில் கடை போடுவார்கள். 2004 சுனாமிக்குப் பின் வந்த கட்டுமான வேலைகள் கான்ட்ராக்டர் வழியே நடந்தன. அதற்குப் பின் சுற்றுலா வளர்ந்தது. கொரோனாவுக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் பயணிகள் வந்தார்கள். தீவுகளின் மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் 3.8 லட்சம்தான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் வந்து சேர்ந்தது. அதுவரை செயற்கைக்கோளை நம்பித் திணறிய இணையம் வேகமெடுத்தது. ஆன்லைன் புக்கிங்கும், போனில் வேலை பிரித்துக் கொடுப்பதும் இங்கேயும் எளிதாயின.

நாடு முழுவதும் இதே திசைதான். தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலை செய்வோரில் சுயதொழில் செய்பவர்கள் 2017-18இல் 52.2 சதவீதம், 2023-24இல் 58.4 சதவீதம். இதே காலத்தில் மாதச் சம்பளக்காரர்கள் 22.8 சதவீதத்திலிருந்து 21.7 சதவீதமாகக் குறைந்தார்கள். பெண்களில் சுயதொழில் 51.9 சதவீதத்திலிருந்து 67.4 ஆனது. இதைக் கேட்டதும் பெண்களெல்லாம் தொழில்முனைவோர் ஆகிவிட்டார்கள் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. குடும்பத் தொழிலில் கூலியே இல்லாமல் உதவுபவர்களையும் இந்தக் கணக்கு சுயதொழில் என்றே சேர்க்கிறது. ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து வேலை செய்வோரில் அவர்களுடைய பங்கு 13.6 சதவீதத்திலிருந்து 19.4 சதவீதமாக ஏறியிருக்கிறது. கணவர் பெயரில் கடை. கல்லாவுக்குப் பின்னால் நாள் முழுதும் நிற்பவர் மனைவி. அவர் கையில் காசு வருவதில்லை.

4,000 மஸ்தூர்களின் வழக்கு

இந்தத் தீவுகளில் மிகப் பெரிய முதலாளி அரசுதான். எனவே அரசு எப்படி வேலை கொடுக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கொடுப்பார்கள். இங்கே சுமார் 4,000 தினக்கூலி மஸ்தூர்களின் வழக்கு நாடு முழுவதும் பேசப்பட்டது. தினக்கூலி ஊழியரும் நிரந்தர ஊழியரும் ஒரே தன்மையுள்ள வேலையைச் செய்தால், தினக்கூலி ஊழியருக்கு அந்தப் பதவியின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் முப்பதில் ஒரு பங்கை நாள்கூலியாகத் தர வேண்டும் என்று மத்திய அரசு 1988 ஜூனிலேயே ஆணை பிறப்பித்தது. அந்தப் பலன் இங்கே யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில்தான் தகராறு. 2022 டிசம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தொழிலாளர்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அது நிறைவேறவில்லை என்று வந்த அவமதிப்பு வழக்கில், 2023 ஜூலை 20 அன்று அதன் போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) சுற்று அமர்வு தலைமைச் செயலரைப் பணியிடை நீக்கம் செய்யவும், துணைநிலை ஆளுநர் 5 லட்சம் ரூபாய் செலுத்தவும் ஆணையிட்டது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

அதிகாரிகள் மீதான நடவடிக்கை சரியா என்பது நீதிமன்றத்தின் வேலை. நான் கேட்பது வேறு. சாலை போடுவது, தண்ணீர்க் குழாய் பார்ப்பது, மின்கம்பம் ஏறுவது எல்லாம் ஒரு மாதத்தில் முடிகிற வேலைகளா? தீவு இருக்கும்வரை இருக்கும் வேலைகள். நிரந்தரமான வேலைக்குத் தற்காலிகமான ஆள் என்பதே முரண். 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டுகள் துப்புரவு முதலிய வேலைகளைச் செய்தவர்களைப் பணிநிரந்தரம் செய்ய ஆணையிட்டது. வேலையை வெளியாரிடம் விடுவதை அரசு நிறுவனங்கள் கேடயமாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் எச்சரித்தது. இதற்கெல்லாம் வெகு முன்பே, 1978இல், கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் தெளிவாக ஒரு வழி காட்டியிருந்தார். நடுவில் எத்தனை ஒப்பந்ததாரர்கள் இருந்தாலும், யாருடைய தொழிலுக்காக உழைப்பு நடக்கிறதோ அவரே உண்மையான முதலாளி.

பொருளாதாரம் எங்கே பாதிக்கப்படுகிறது?

"செலவு குறைகிறதே, அது நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். செலவு குறையவில்லை, இடம் மாறுகிறது. ஏஜென்சி கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க முடியாது. ஆகவே டெண்டரில் ஏஜென்சிகள் கமிஷனைக் குறைத்துத்தான் போட்டி போடுகின்றன. கமிஷன் ஒன்றுமில்லாத அளவுக்கு இறங்கினால் ஏஜென்சி எதில் பிழைக்கும்? வேலையில் சேரும்போது ஆளிடம் வாங்கும் பணம், சம்பளத்திலிருந்து திரும்ப வாங்கும் பங்கு, சீருடைக்கென்று பிடித்தம், கட்டாமல் விட்ட பி.எஃப். இவற்றில்தான் பிழைக்க முடியும். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்னும் முறை, நேர்மையான ஏஜென்சியைத் துரத்திவிட்டு மற்றவரை நிற்கவைக்கிறது. ஆள் வழங்கும் சேவைக்குப் பொதுவாக 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு உண்டு.

பி.எஃப். இல்லாமல் போவதன் அளவைப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளியின் 12 சதவீதப் பங்கு 1,800 ரூபாய். ஆண்டுக்கு 21,600. இருபது ஆண்டுகளுக்கு, வட்டியைச் சேர்க்காமலே, 4 லட்சத்து 32 ஆயிரம். ஒரு குடும்பத்தின் முதுமைக்கான பணம் இது. முதலாளி இதைக் கட்டவில்லை என்றால், அந்த முதுமையின் செலவை நாளை அரசு உதவித்தொகையாகவும் இலவச மருத்துவமாகவும் பொதுப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டிவரும். லாபம் ஒருவருக்கு, பின்னால் வரும் பில் ஊருக்கு.

அடுத்தது கடன். அரசு ஊழியர் சம்பளச் சான்றிதழோடு போனால் வங்கி வீட்டுக்கடன் கொடுக்கும். சீசன் டிரைவரிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கான படகுகள் நிற்கும் வாரங்களில் அவர் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்குத் தண்டல்காரரிடம்தான் போவார். சீசனில் சம்பாதித்ததை வட்டி தின்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பயணிகள் அறவே நின்றபோது, சுற்றுலாவை நம்பியவர்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மூன்றாவது, கடைத்தெரு. நமக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வருகிறது. வெளியூர்க் கம்பெனியின் லாபம் அதே வழியில் திரும்பிப் போய்விடும். இங்கே தங்குவது உழைப்பவர் கூலியாக வாங்கி, அபர்தீன் பஜாரிலும் ஜங்லிகாட் மீன் சந்தையிலும் செலவழிக்கும் பணம்தான். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் பிரிட்ஜ் வாங்க மாட்டார், வீட்டுக்கு மேல்மாடி கட்ட மாட்டார். ஆயிரம் பேரின் வேலை உறுதியிழந்தால், அவர்களை நம்பிய கடைக்காரர், கொத்தனார், தையல்காரர் வருமானமும் உறுதியிழக்கும். கூலிச் செலவை மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு முதலாளியும், எல்லோரும் அப்படியே செய்யும்போது, தன் வாடிக்கையாளரையே ஏழையாக்குகிறார்.

நான்காவது, திறமை. மூன்று மாதத்தில் அனுப்பிவிடப்போகும் ஆளுக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள்? சுற்றுலாவோ திறமையின்மேல் நிற்கும் தொழில். ஆழ்கடலில் பயணியின் உயிர் ஸ்கூபா பயிற்றுநரின் கையில் இருக்கிறது. அவரை டைவ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவராக வைத்தால், உடம்பு சரியில்லாத நாளிலும் அவர் கடலில் இறங்குவார். அது அவருக்கும் ஆபத்து, பயணிக்கும் ஆபத்து.

சொந்தக் காலில் நிற்பவர்கள்

உண்மையான சுயதொழிலை நான் மனதாரப் போற்றுகிறேன். தன் படகு, தன் வலை, தன் விலை என்று வாழும் மீனவர். தன் பாக்குத் தோட்டத்துக்கு நடுவே இரண்டு அறை கட்டிப் பயணிகளைத் தங்கவைக்கும் குடும்பம். மற்றவருக்கும் வேலை கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரர். இவர்கள் இந்தத் தீவுகளின் பலம். யார் விலை வைக்கிறார்கள், வேலையை மறுக்கும் உரிமை உண்டா, வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விகளுக்கும் இவர்களிடம் தெளிவான பதில் இருக்கும். ஊபர் டிரைவர்களிடம் அந்தப் பதில் இல்லை என்று பார்த்துத்தான் 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அவர்கள் தனித் தொழில் நடத்துபவர்கள் அல்லர், தொழிலாளர் உரிமை உள்ளவர்கள் என்று தீர்ப்பளித்தது.

நிக்கோபாரிகளிடம் நாம் கற்க வேண்டியது இன்னும் ஆழமானது. தென்னந்தோப்பு துஹெத் என்னும் கூட்டுக் குடும்பத்துக்குப் பொது. கொப்பரை விலை இறங்கினால் இறக்கமும் எல்லோருக்கும் பொது. ஒருவர் நோயில் படுத்தாலும் அவர் பங்கு நிற்காது. சுயதொழிலும் பாதுகாப்பும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு நம் தீவுகளிலேயே வாழும் சான்று அது.

என்ன செய்யலாம்?

ஹோட்டல்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நான்கு மாதம் அறைகள் காலியாகக் கிடந்தால் பன்னிரண்டு மாதச் சம்பளம் எப்படிக் கொடுப்பது? இதற்கு வழி காட்டியவர்கள் மும்பைத் துறைமுகத்திலும் சந்தைகளிலும் மூட்டை சுமந்தவர்கள். அவர்கள் போராடிப் பெற்ற 1969ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டத்தின்படி தொழிலாளி வாரியத்தில் பதிவு செய்கிறார். எந்த வியாபாரியிடம் வேலை செய்தாலும் கூலியும் அதற்கு மேல் ஒரு தீர்வையும் வாரியத்துக்குப் போகும், பி.எஃப்., போனஸ், விடுமுறைச் சம்பளம் எல்லாம் வாரியம் தரும். முதலாளி மாறினாலும் பாதுகாப்பு மாறாது. தமிழ்நாடும் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து நலவாரியங்களை அமைத்தது. நம்முடைய பயணிகளில் அநேகமாக எல்லோரும் ஒரு விமான நிலையம், சில ஜெட்டிகள் வழியாகவே வந்து போகிறார்கள். ஒவ்வொரு ஹோட்டல் அறைக்கும் படகு டிக்கெட்டுக்கும் ஒரு சிறு தீர்வை விதித்து, மழைக்கால உதவித்தொகையும் பி.எஃப்.பும் தரும் வாரியத்தை அமைக்க இதைவிடத் தோதான இடம் இந்தியாவில் இல்லை.

இரண்டாவது, நெகிழ்ச்சி வேண்டுமென்றால் அதற்கு விலை கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் விடுப்பும் உறுதியும் இல்லாத தற்காலிக ஊழியருக்கு, நிரந்தர ஊழியரைவிட மணிக்கூலி பொதுவாக 25 சதவீதம் கூடுதல். பிரிட்டனில் ஏஜென்சி ஊழியர் ஒரே இடத்தில் 12 வாரம் வேலை செய்துவிட்டால், நேரடி ஊழியருக்குரிய அடிப்படை ஊதியமும் வேலை நிபந்தனைகளும் அவருக்கும் உண்டு. நம்மிடம் தலைகீழ்: உறுதியற்ற வேலைக்குத்தான் கூலி குறைவு.

மூன்றாவது, சட்டத்தின் ஓட்டைகள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புகளில் நல்லவை உண்டு. செயலி வழித் தொழிலாளரை மத்தியச் சட்டம் முதன்முறையாகப் பெயர் சொல்லி ஏற்கிறது; அவர்களுக்காகச் செயலிக் கம்பெனிகள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை செலுத்த வேண்டும் என்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடத்துக்கே பொருந்தியது. இப்போது 50 பேர் வேண்டும். ஐம்பது ஒப்பந்தத் தொழிலாளர் வேலை செய்யும் நிறுவனங்கள் இந்தத் தீவுகளில் எத்தனை? அந்த வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு நிர்வாகம் தனி விதிகள் செய்ய வேண்டும்.

நான்காவது, நம் கையிலேயே இருக்கிறது. ஏஜென்சி வேண்டுமென்றால் அதைத் தொழிலாளர்களே நடத்தட்டும். 1925இல் கேரளத்தின் வடகரைக்கு அருகே, வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தால் எழுந்த சில தொழிலாளர்கள் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நூறாண்டு கடந்து, பாலமும் சாலையும் கட்டும் பெரிய ஒப்பந்த நிறுவனமாக அது இன்று நிற்கிறது. கான்ட்ராக்டின் லாபம் உழைத்தவர்களிடமே தங்குகிறது. 1972இல் அகமதாபாதில் இலா பட் சுயதொழில் பெண்களுக்குச் சேவா சங்கத்தைத் தொடங்கியபோது, முதலாளியே இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று பதிவு அலுவலகம் தயங்கியது. ஒருவரை எதிர்க்க மட்டுமல்ல, ஒன்றாக நிற்கவும் சங்கம் தேவை என்று அந்தப் பெண்கள் வாதாடிப் பதிவு பெற்றார்கள். நம் டிரைவர்களும் டைவ் பயிற்றுநர்களும் காவலாளிகளும் இதைச் செய்ய முடியும்.

கடைசியாக, இதற்கெல்லாம் அவசரம் ஏன் என்று சொல்லி முடிக்கிறேன். கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாத் துறைமுகம் உள்ளிட்ட பல பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டம் வரப்போகிறது. காடும், ஷொம்பென் மக்களும், நிக்கோபாரிகளும் என்ன ஆவார்கள் என்பது தனியாகவும் பொறுப்பாகவும் பேச வேண்டிய பெரிய விவாதம். ஒன்று மட்டும் உறுதி. வேலை தொடங்கும் நாளில் ஆயிரக்கணக்கானோர் கான்ட்ராக்டர்கள் வழியாகக் கப்பலில் வந்து இறங்குவார்கள். அவர்களில் தமிழரும் இருப்பார்கள். சம்பளச் சீட்டு யார் கொடுப்பது, பி.எஃப். யார் கட்டுவது, காயம்பட்டால் யார் பொறுப்பு, ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் யார் தருவது என்பவை டெண்டர் ஆவணத்தில் இன்றே எழுதப்பட வேண்டும். ஆள் அனுப்பிய ஏஜென்சி கைவிட்டால் வேலை வாங்குபவரே கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும். அந்த வரியை எழுதும்படி நிர்வாகத்திடமும், நாடாளுமன்றத்துக்கு நாம் அனுப்பும் உறுப்பினரிடமும், நம் சங்கங்களிடமும் கேட்கும் கடமை இங்கே கூடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆள் இறங்கிய பிறகு கேட்டால், நீதிமன்றப் படிகளில் இன்னும் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டிவரும். இப்போதே கேட்போம்.